காலி இடம்: சவூதி அரேபியாவும் ஈரானும் பீப்பாய்க் கணக்கில்

2016 நவம்பர் 30 அன்று வியன்னாவில் எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பான ஒபெக்கின் அமைச்சர்கள் கூடியபோது சவூதி அரேபியாவுக்கும் ஈரானுக்கும் இடையே தூதரக உறவு கிடையாது. அந்த ஆண்டு ஜனவரி 2ஆம் தேதி ஷியா மதகுரு நிம்ர் அல்-நிம்ருக்குச் சவூதி மரண தண்டனை நிறைவேற்றியது. அன்றிரவே தெஹ்ரானில் சவூதித் தூதரகத்துக்குள் கூட்டம் புகுந்து தீ வைத்தது. மறுநாள் ரியாத் உறவை முறித்துக்கொண்டது. யேமனிலும் சிரியாவிலும் இரு நாடுகளும் எதிரெதிர் அணிகளுக்குத் துணை நின்றன. அந்த ஆண்டு ஈரானிலிருந்து ஹஜ்ஜுக்கு யாரும் போகவில்லை. ஆனாலும் சவூதி அமைச்சர் காலித் அல்-ஃபாலிஹும் ஈரான் அமைச்சர் பீஜன் ஸங்கனேவும் ஒரே அறையில் உட்கார்ந்து, யார் எவ்வளவு எண்ணெய் எடுப்பது என்ற ஒரே அட்டவணைக்கு ஒப்புக்கொண்டார்கள்.

அந்த அட்டவணையைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். சவூதியின் வரிசையில் மூன்று எண்கள். அடிப்படை அளவு நாளொன்றுக்கு 1 கோடியே 5 லட்சத்து 44 ஆயிரம் பீப்பாய். குறைப்பு 4 லட்சத்து 86 ஆயிரம். புதிய அளவு 1 கோடியே 58 ஆயிரம். கழித்துப் பார்த்தால் கணக்குச் சரியாக வரும். ஈரானின் வரிசை அப்படி வராது. அடிப்படை அளவு 39 லட்சத்து 75 ஆயிரம். அடுத்த கட்டத்தில் குறைப்புக்குப் பதிலாக 90 ஆயிரம் கூட்டல். புதிய அளவு 37 லட்சத்து 97 ஆயிரம். கூட்டினாலும் பொருந்தாது, கழித்தாலும் பொருந்தாது. இந்தப் பொருந்தாத வரிசைதான் அன்றைய உடன்பாட்டின் உயிர்.

ஈரான் அப்போது உண்மையில் எடுத்துக்கொண்டிருந்தது சுமார் 37 லட்சத்து 7 ஆயிரம் பீப்பாய். அதோடு 90 ஆயிரத்தைச் சேர்த்தால் புதிய அளவு வந்துவிடும். வேறு வழியிலும் அதே எண் வரும்: அணுசக்தி விவகாரத்தில் மேலைநாடுகள் விதித்த தடைகளுக்கு முந்தைய பழைய உற்பத்தியான 39 லட்சத்து 75 ஆயிரத்தை எடுத்து, மற்ற நாடுகளைப் போலவே அதிலிருந்து ஏறக்குறைய நாலரை சதவீதம் கழிக்க வேண்டும். ஈரானும் குறைத்தது என்று ரியாத் தன் மக்களிடம் சொல்லலாம். உற்பத்தியைக் கூட்டிக்கொண்டோம் என்று தெஹ்ரான் தன் மக்களிடம் சொல்லலாம். இரண்டுமே பொய்யில்லை.

சவூதி – ஈரான் பகையைச் சன்னி – ஷியா பிளவு என்ற ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்துவிடுவது நம் பத்திரிகைகளிலும் வழக்கமாகிவிட்டது. மதத்துக்கு இதில் பங்கில்லை என்று நான் சொல்ல வரவில்லை. 1979 ஈரானியப் புரட்சிக்குப் பிறகு அது பெரும் பங்கு வகித்தது. ஆனால் பகையும் நட்பும் எந்தெந்த ஆண்டில் கூடின, எந்தெந்த ஆண்டில் குறைந்தன என்று தேதி வைத்துப் பார்த்தால் மதத்தைவிடப் பீப்பாய்தான் கூடுதலாக விளக்குகிறது. ஒரு நாட்டின் எண்ணெய் சந்தையிலிருந்து விலகும்போதெல்லாம் அந்தக் காலி இடத்தில் மற்றது போய் உட்கார்ந்திருக்கிறது. விலகியவர் திரும்பி வரும்போது இடம் கிடைப்பதில்லை. உறவின் மோசமான ஆண்டுகள் பெரும்பாலும் அப்படித் திரும்பி வந்த ஆண்டுகள். 2016இல் அந்த இடத்தின் ஒரு பகுதி, 90 ஆயிரம் பீப்பாய் அளவுக்கு, எழுத்தில் திருப்பித் தரப்பட்டது. அதனால்தான் அந்த அட்டவணையிலிருந்து தொடங்கினேன்.

முதல் காலி இடம்

ஈரானில் எண்ணெய் கிடைத்தது 1908இல், மஸ்ஜித் சுலைமானில். சவூதியில் முப்பது ஆண்டு கழித்து, 1938இல், தம்மாம் 7ஆம் எண் கிணற்றில். வளைகுடாவின் எண்ணெய் வயதில் ஈரான் அண்ணன். ஆபாதான் சுத்திகரிப்பு ஆலை அன்றைக்கு உலகிலேயே பெரியது. ஆனால் லாபத்தின் பெரும்பகுதி பிரிட்டிஷ் கம்பெனிக்குப் போனது. 1950 டிசம்பரில், சவூதி எண்ணெய்யை எடுத்துவந்த அமெரிக்கக் கம்பெனியான அராம்கோ சவூதி அரசுக்குப் பாதிக்குப் பாதி லாபம் தர ஒப்புக்கொண்டதும் ஈரானியரின் பொறுமை தீர்ந்தது. 1951இல் பிரதமர் முஹம்மது மொசாதேக் எண்ணெய்யை நாட்டுடைமையாக்கினார். பிரிட்டன் கப்பல்களைத் தடுத்தது. ஈரானின் ஏற்றுமதி அடியோடு நின்றது.

உலகம் அதனால் எண்ணெய்க்குத் தவித்ததா என்றால் இல்லை. குவைத், இராக், சவூதி மூன்றும் கூட்டி எடுத்தன. 1950இல் நாளொன்றுக்கு 5 லட்சத்து 47 ஆயிரம் பீப்பாயாக இருந்த சவூதி உற்பத்தி 1952இல் 8 லட்சத்தைத் தாண்டியது. முடிவெடுத்தவை மேலைநாட்டுக் கம்பெனிகள். சவூதி மன்னர் அல்ல. ஆனால் தெஹ்ரானுக்குப் பாடம் ஒன்றுதான்: தன் எண்ணெய் இல்லாமலும் உலகம் ஓடும், அதை ஓட்டிக் காட்டுவது எதிர்க்கரை. 1953இல் பிரிட்டனும் அமெரிக்காவும் சதி செய்து மொசாதேக்கைக் கவிழ்த்தன. அவர் தோற்றதற்குச் சதி ஒரு காரணம் என்றால், அந்த இரண்டு ஆண்டுகளில் காலி இடம் நிரம்பிவிட்டது இன்னொரு காரணம்.

அதன்பின் 1960 செப்டம்பரில் பாக்தாதில் ஒபெக் பிறந்தபோது ஈரானும் சவூதியும் நிறுவன உறுப்பினர்கள். கம்பெனிகள் தங்களைக் கேளாமல் விலையைக் குறைத்த கோபம்தான் ஐந்து நாடுகளையும் சேர்த்தது. சவூதியின் அப்துல்லா தாரிகி அதன் கருத்தாக்கத்துக்கு உழைத்தவர். ஈரானின் ஃபுவாத் ரூஹானி அதன் முதல் பொதுச்செயலர்.

கடலில் போட்ட கோடு

இந்த வரலாற்றில் என் மனதுக்கு மிக நெருக்கமான பகுதி 1968. யாரும் அதிகம் பேசாத ஆண்டு.

அந்த ஜனவரியில் பிரிட்டன் 1971க்குள் வளைகுடாவை விட்டு வெளியேறுவதாக அறிவித்தது. பஹ்ரைன் மீது ஈரான் உரிமை கொண்டாடிவந்த நேரம். பஹ்ரைன் அமீரை ரியாதில் மன்னர் ஃபைசல் வரவேற்றார் என்பதற்காக ஈரானின் மன்னரான ஷா தன் சவூதிப் பயணத்தையே ரத்து செய்தார். அதே சமயம் வளைகுடாவின் நடுக்கடலில், எல்லை வகுக்கப்படாத பகுதியில், அராம்கோவுக்காக வேலை செய்துகொண்டிருந்த துளையிடும் மேடையை ஈரானியக் கடற்படை பிடித்தது. சண்டை மூள எல்லாக் காரணமும் இருந்தது.

சிக்கலின் வேர் கடலடியில் இருந்தது. ஃபெரேதூன் என்று ஈரானும், மர்ஜான் என்று சவூதியும் பெயர் வைத்த ஒரே எண்ணெய் வயல் இரண்டு பக்கமும் பரவிக் கிடந்தது. 1965இலேயே இரு தரப்பும் ஒரு கோட்டுக்குச் சுருக்கொப்பமிட்டிருந்தன. துளையிட்டுப் பார்த்த பிறகு அந்தக் கோட்டின் சவூதிப் பக்கம்தான் எண்ணெய் கூடுதல் என்று தெரிந்தது, ஈரான் மறுத்துவிட்டது. எல்லையைத் தூரத்தை வைத்துப் பிரிப்பதா, அடியில் கிடக்கும் எண்ணெய்யை வைத்துப் பிரிப்பதா என்ற கேள்வி எழுந்தது.

1968 அக்டோபர் 24 அன்று தெஹ்ரானில் கையெழுத்தான ஒப்பந்தம் இரண்டாவதைத் தேர்ந்தது. தெற்கே கோடு நடுவாக நேராகப் போகும். வடக்கே அது வளைந்து நெளிந்து போகும். வரைந்தவர்களின் கை நடுங்கியதால் வந்த நெளிவு அல்ல. அடியிலுள்ள எண்ணெய் இருவருக்கும் சமமாக வரவேண்டும் என்பதால் வந்த நெளிவு. ஃபார்ஸி தீவு ஈரானுக்கு, அல்-அரபியா தீவு சவூதிக்கு. கோட்டின் இரு பக்கமும் 500 மீட்டருக்குள் யாரும் கிணறு தோண்டக் கூடாது. வரப்பை ஒட்டிக் கிணறு வெட்டினால் பக்கத்து வயல் நீரும் நம் கிணற்றுக்கு வந்துவிடும் என்று நம் விவசாயிக்குத் தெரியும். அதே அறிவுதான் கடலடியிலும். நவம்பரில் ஷா ரத்து செய்த பயணத்தை மேற்கொண்டார்.

இந்தக் கோட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இதற்குப் பிறகு புரட்சி வந்தது, எட்டாண்டுப் போர் வந்தது, மக்காவில் ரத்தம் சிந்தியது, தூதரக உறவு இரண்டு முறை முறிந்தது. இந்தக் கோடு நகரவில்லை. 2017 ஜூனில் மர்ஜான் வயலை நெருங்கிய படகில் ஈரானியப் புரட்சிக் காவல் படையினர் மூவரைப் பிடித்ததாகச் சவூதி சொன்னது. அவர்கள் மீனவர்கள், ஒருவர் சுடப்பட்டு இறந்தார் என்று ஈரான் சொன்னது. அந்தச் சச்சரவில்கூடக் கோடு எங்கே என்பதில் தகராறு இல்லை.

சமமாகப் பிரித்த எண்ணெய்யைச் சமமாக எடுக்க முடிந்ததா என்பது வேறு கதை. தடைகளால் ஈரானுக்குக் கருவியும் கிடைக்கவில்லை, முதலீடும் கிடைக்கவில்லை. 2019இல் மர்ஜான், பெர்ரி ஆகிய இரண்டு வயல்களுக்கும் சேர்த்து 1,800 கோடி டாலர் ஒப்பந்தங்களை அராம்கோ வழங்கியது. மர்ஜானில் மட்டும் நாளொன்றுக்கு 3 லட்சம் பீப்பாய் கூட்டுவது நோக்கம். ஃபொரூஸான் என்று பெயர் மாறிவிட்ட ஈரானியப் பக்கத்தில் அதற்கு ஈடாக எதுவும் நடக்கவில்லை.

தோஹா, 1976

1970களில் இருவரும் அமெரிக்காவின் நண்பர்கள். வளைகுடாவின் இரட்டைத் தூண்கள் என்று வாஷிங்டன் அவர்களை நம்பியது. ஆனால் 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய்த் தடை விதித்தபோது ஈரான் சேரவில்லை, விற்றுக்கொண்டே இருந்தது. டிசம்பரில் தெஹ்ரானில் கூடிய ஒபெக் கூட்டத்தில் பீப்பாய் விலை 5.12 டாலரிலிருந்து 11.65 டாலராக ஏறியது. அழுத்தம் கொடுத்தவர் ஷா. ரியாதுக்கு அது பிடிக்கவில்லை.

ஏன் பிடிக்கவில்லை என்பதில்தான் முழு விவகாரமும் அடங்கியிருக்கிறது. அன்று ஈரானில் மூன்றரைக் கோடி அளவுக்கு மக்கள். தொழிற்சாலை, ராணுவம், நகரம் என்று ஷா எல்லாவற்றுக்கும் அன்றைக்கே பணம் தேடினார். சவூதியில் மக்கள் ஒரு கோடிக்கும் குறைவு. எண்ணெய் இருப்போ தலைமுறை தலைமுறையாக வரக்கூடியது. விலை மிக ஏறினால் உலகம் எண்ணெய்யை விட்டு வேறு எரிபொருளைத் தேடிப் போய்விடும் என்பது சவூதியின் அச்சம். விலை ஏறாவிட்டால் அடுத்த ஆண்டு வரவுசெலவுத் திட்டம் கவிழ்ந்துவிடும் என்பது ஈரானின் அச்சம். ஒருவருக்கு இன்றைய விலை, இன்னொருவருக்கு ஐம்பதாண்டு விற்பனை. இதில் மதம் எங்கும் இல்லை. இருவரும் மன்னர்கள், இருவரும் கம்யூனிச எதிர்ப்பாளர்கள், இருவருக்கும் ஆயுதம் விற்றது ஒரே நாடு. அப்படியும் மோதினார்கள்.

1975 டிசம்பர் 21 அன்று வியன்னாவில் கார்லோஸ் என்ற பயங்கரவாதியின் தலைமையிலான கும்பல் ஒபெக் கூட்டத்துக்குள் புகுந்து அமைச்சர்களைப் பிணைக்கைதிகளாகப் பிடித்து விமானத்தில் கொண்டுபோனது. சவூதியின் அகமது ஸகி யமானியும் ஈரானின் ஜம்ஷீத் ஆமூஸ்காரும் கொல்லப்பட வேண்டியவர்கள் பட்டியலில் இருந்தார்கள். ஒரே விமானத்தில் ஒரே மரண பயத்தோடு இருந்து உயிர் தப்பினார்கள். சரியாக ஓராண்டு கழித்து, 1976 டிசம்பரில் தோஹாவில், அந்த இருவரின் நாடுகளும் ஒன்றையொன்று வீழ்த்தத் துணிந்தன.

ஈரானும் மற்றப் பத்து நாடுகளும் ஜனவரியிலிருந்து 10 சதவீதமும் ஜூலையிலிருந்து மேலும் 5 சதவீதமும் விலை கூட்டுவதாகக் கூறின. சவூதியும் ஐக்கிய அரபு எமிரேட்ஸும் 5 சதவீதத்துக்கு மேல் முடியாது என்றன. ஒபெக் வரலாற்றில் முதல்முறையாக ஒரே சரக்குக்கு இரண்டு விலை. அதோடு நிற்காமல், நாளொன்றுக்கு 85 லட்சம் பீப்பாய் என்று தனக்குத்தானே வைத்திருந்த உச்ச வரம்பைச் சவூதி தளர்த்தியது. மலிவான எண்ணெய் நிறையக் கிடைக்கும்போது விலை கூடிய எண்ணெய்யை யார் வாங்குவார்கள்? விலை ஏறும் என்று டிசம்பரிலேயே கம்பெனிகள் வாங்கிக் குவித்திருந்தன. 1977 ஜனவரியில் ஈரானின் விற்பனை தடாலென விழுந்தது.

சவூதியும் நினைத்த அளவுக்கு எடுக்க முடியவில்லை. குளிர்காலக் கடல் கொந்தளிப்பு ராஸ் தனூரா துறைமுகத்தில் கப்பலேற்றுவதைத் தடுத்தது. மே மாதம் சவூதியின் அப்கைக் எண்ணெய் நிலையத்தில் தீ விபத்து. ஜூலையில் இரு தரப்பும் இறங்கிவந்து ஒரே விலைக்குத் திரும்பின. ஆனால் ஷாவின் கணக்கு அதற்குள் குலைந்திருந்தது. எண்ணெய்ப் பணம் ஏறிக்கொண்டே போகும் என்று நம்பித் தீட்டிய திட்டங்களைச் சுருக்க வேண்டிவந்தது. ஆகஸ்டில் பிரதமரான ஆமூஸ்கார், விமானத்தில் பிணைக்கைதியாக இருந்த அதே மனிதர், செலவைக் குறைத்தார். கட்டட வேலைக்குக் கிராமத்திலிருந்து நகரத்துக்கு வந்தவர்களுக்கு வேலை போனது. ஈரானியப் புரட்சிக்குத் தோஹாதான் காரணம் என்று சொல்வது மிகை. அடக்குமுறை, ஊழல், மதகுருமாரின் அமைப்பு வலிமை எல்லாம் இருந்தன. ஆனால் ஷாவின் கஜானாவில் ஓட்டை விழுந்த நேரம் இது, அதில் ரியாதின் கை இருந்தது.

1978 இறுதியில் ஈரானிய எண்ணெய்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். நாளொன்றுக்கு 60 லட்சத்தை ஒட்டியிருந்த உற்பத்தி சில வாரங்களில் உள்நாட்டுத் தேவைக்கே போதாத அளவுக்கு இறங்கியது. ஷா வீழ்ந்தார். 1980இல் சவூதி நாளொன்றுக்குச் சராசரியாக 99 லட்சம் பீப்பாய் எடுத்தது. ஈரான் 20 லட்சம்கூட எடுக்கவில்லை. 1951இன் காலி இடம்தான் மீண்டும், இம்முறை மிகப் பெரிதாக.

போர்க்காலம்

1980 முதல் 1988 வரை நடந்த ஈரான் – இராக் போரில் சவூதி இராக்குக்குப் பணம் கொடுத்தது. எண்ணெய்க் கப்பல்களைத் தாக்கும் போர் தொடங்கிய 1984இல், ஜூன் 5 அன்று, சவூதி விமானங்கள் ஈரானியப் போர் விமானத்தைச் சுட்டு வீழ்த்தின. வளைகுடாவின் வாசலான ஹோர்முஸ் நீரிணையை ஈரான் மூடிவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் சவூதி தன் நாட்டின் குறுக்கே, அப்கைக்கிலிருந்து செங்கடலோர யன்பு வரை, சுமார் 1,200 கிலோமீட்டர் குழாய் பதித்தது. (நாற்பது ஆண்டு கழித்து ஈரானும் அதே நீரிணையைத் தவிர்க்க கோரேயிலிருந்து ஜாஸ்க் வரை குழாய் போட்டு 2021இல் திறந்தது. எதிர்க்கரைக்குப் பயந்து இருவரும் ஒரே வாசலுக்கு மாற்றுவழி தேடியிருக்கிறார்கள்.)

1985 கோடையில் சவூதி உற்பத்தி 20 லட்சத்தை ஒட்டி இறங்கியிருந்தது. மற்றவர்கள் வரம்பை மீறி விற்க, விலையைத் தாங்கும் சுமை தன் தலையில் மட்டும் விழுகிறது என்று வெறுத்துப்போய் ரியாத் குழாயைத் திறந்துவிட்டது. 1986 நடுவில் விலை 10 டாலருக்கும் கீழே போனது. போரிலிருந்த ஈரானுக்கு அது இரண்டாவது போர்முனை. 1987 ஜூலை 31 அன்று மக்காவில் ஈரானிய ஹஜ் பயணிகளின் ஆர்ப்பாட்டத்தில் சவூதிக் காவலர்களுடன் ஏற்பட்ட மோதலில் 402 பேர் இறந்தார்கள். அதில் 275 பேர் ஈரானியர். அடுத்த ஆண்டு ஏப்ரலில் தூதரக உறவு முறிந்தது. 1991இல்தான் திரும்பியது.

இறங்கிவந்த சில ஆண்டுகள்

1998இல் விலை 10 டாலரை ஒட்டி விழுந்தபோது இரு நாட்டுக் கஜானாவும் ஒரேயளவு காய்ந்தது. அந்தச் சமயத்தில் பட்டத்து இளவரசர் அப்துல்லாவும் அதிபர் முஹம்மது கத்தாமியும் இருந்தது இரு நாடுகளின் நல்ல காலம். 1997 டிசம்பரில் இஸ்லாமிய மாநாட்டுக்கு அப்துல்லா தெஹ்ரான் போனார். 1998 மே மாதம் பொது ஒத்துழைப்பு உடன்பாடு கையெழுத்தானது. உற்பத்திக் குறைப்பில் மட்டும் முட்டிக்கொண்டே இருந்தது: எந்த அளவிலிருந்து குறைப்பது? ஈரான் தன் அடிப்படை அளவு கூடுதல் என்றது, சவூதி ஏற்கவில்லை. 1999 மார்ச்சில் ரியாத் விட்டுக்கொடுத்தது. ஒபெக்கும் வெளியே இருந்த சில நாடுகளும் சேர்ந்து நாளொன்றுக்கு 21 லட்சம் பீப்பாய் குறைத்தன. விலை ஏறத் தொடங்கியது. மே மாதம் கத்தாமி சவூதி போனார்; புரட்சிக்குப் பின் அங்கே போன முதல் ஈரானிய அதிபர் அவர். 2001இல் பாதுகாப்பு உடன்பாடு வந்தது.

2016இன் 90 ஆயிரம் பீப்பாய் வானத்திலிருந்து விழவில்லை. 1999இல் ஒருமுறை செய்து பார்த்ததுதான்.

தடைகளின் கணக்கு

2003இல் சதாம் வீழ்ந்தபின் பாக்தாதில் ஈரானின் செல்வாக்கு ஏறியது. அணுசக்தி விவகாரம் முற்றியது. 2011 ஜூனில் ஒபெக் கூட்டம் உடன்பாடின்றி முறிந்தது. தாம் கண்ட மிக மோசமான கூட்டங்களில் ஒன்று என்று சவூதி அமைச்சர் அலி அல்-நைமி வெளிப்படையாகவே சொன்னார். 2012 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியத்தின் தடை அமலுக்கு வந்தது. நாளொன்றுக்கு 25 லட்சம் பீப்பாயை ஒட்டியிருந்த ஈரானின் ஏற்றுமதி ஓராண்டில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. சவூதி ஒரு கோடியை ஒட்டி எடுத்துக்கொண்டிருந்தது.

இதன் அதிர்வு நம் கரைகளிலும் பட்டது. கொழும்புக்கு அருகே 1969இல் தொடங்கிய சபுகஸ்கந்த ஆலை ஈரானின் லேசான கச்சா எண்ணெய்க்கென்றே வடிவமைக்கப்பட்டது; 2012இல் அதற்கு மாற்று தேடி இலங்கை திண்டாடியது. சென்னை மணலி ஆலையின் கதை இன்னும் நெருக்கமானது. 1965இல் இந்திய அரசும் ஓர் அமெரிக்கக் கம்பெனியும் ஈரானின் தேசிய எண்ணெய்க் கம்பெனியும் சேர்ந்து தொடங்கியதுதான் மெட்ராஸ் ரிஃபைனரீஸ். இன்று சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன் என்று பெயர் மாறிய அந்த நிறுவனத்தில் ஈரானின் நஃப்தீரான் கம்பெனிக்கு 15.4 சதவீதப் பங்கு தொடர்ந்தது. 2019 மே மாதம் அமெரிக்கா தந்திருந்த விலக்கு முடிந்ததும் இந்தியா ஈரானிய எண்ணெய் வாங்குவதை நிறுத்தியது. பங்குதாரரின் பெயர் ஏட்டில் இருந்தது, அவருடைய எண்ணெய் மட்டும் வரவில்லை. அந்தக் காலி இடத்தை இராக்கும் சவூதியும் அமெரிக்காவும் நிரப்பின.

நடுவே 2016 ஜனவரி 16 அன்று அணுசக்தி உடன்பாட்டின்படி தடைகள் நீங்கியிருந்தன. தூதரகம் எரிந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. ஈரான் தன் பழைய இடத்தைக் கேட்டுத் திரும்பி வந்தது. சந்தையில் விலை 30 டாலருக்கும் கீழே. ஏப்ரல் 17 அன்று தோஹாவில், ஆம், மீண்டும் தோஹாவில், உற்பத்தியை உறையவைக்க நாடுகள் கூடின. ஈரான் யாரையும் அனுப்பவில்லை. நான்கு ஆண்டு தடையில் இழந்ததை மீட்காமல் உறையவைக்கச் சொல்வது அநியாயம் என்பது அதன் வாதம். ஈரானும் சேர்ந்தால்தான் நாங்களும் என்று சவூதி இளவரசர் முஹம்மது பின் சல்மான் சொல்லிவிட்டார். கூட்டம் கலைந்தது.

அடுத்த ஏழு மாதத்தில் இரண்டு மாற்றங்கள். குறைந்த விலை சவூதியின் பற்றாக்குறையைப் பெருக்கி ஊழியர் படிகளையே வெட்டவைத்தது. ஈரானோ நவம்பருக்குள் இழந்த உற்பத்தியில் பெரும்பகுதியை மீட்டிருந்தது. விட்டுக்கொடுக்க வேண்டியது கொஞ்சம்தான். அல்ஜீரியாவும் ரஷ்யாவும் நடுவே நின்றன. அந்தப் பொருந்தாத வரிசை பிறந்தது.

நிலைக்கவில்லை. 2018 மே மாதம் டிரம்ப் அணு உடன்பாட்டிலிருந்து விலகினார். ஈரானின் எண்ணெய் குறையும், ஈடுகட்டுங்கள் என்று சவூதியைக் கேட்டார். நவம்பரில் சவூதி உற்பத்தி 1 கோடியே 10 லட்சத்தைத் தாண்டியது. நான்காம் முறையாகக் காலி இடம் நிரம்பியது. இந்த முடிவை ரியாத் எடுத்திருக்க வேண்டாம் என்பது என் எண்ணம். கடைசி நேரத்தில் அமெரிக்கா எட்டு நாடுகளுக்கு விலக்கு தந்ததால் விலையும் சரிந்தது, ஈரானின் கசப்பும் மிஞ்சியது.

அப்கைக்கும் பெய்ஜிங்கும்

2019 செப்டம்பர் 14 அதிகாலையில் அப்கைக் ஆலையையும் குரைஸ் வயலையும் ட்ரோன்களும் ஏவுகணைகளும் தாக்கின. நாளொன்றுக்கு 57 லட்சம் பீப்பாய், சவூதி உற்பத்தியில் பாதி, ஒரே காலையில் நின்றது. யேமனின் ஹூதி கிளர்ச்சியாளர்கள் பொறுப்பேற்றார்கள், சவூதியும் அமெரிக்காவும் ஈரானைக் குற்றம்சாட்டின, ஈரான் மறுத்தது. உன் எண்ணெய் இல்லாமல் உலகம் ஓடும் என்று எழுபது ஆண்டாகக் கேட்டுவந்த பக்கத்துக்குப் பதிலாக, இம்முறை சவூதியின் எண்ணெய் இல்லாமல் உலகம் நின்று பார்த்தது. அமெரிக்கா பதிலடி கொடுக்கவில்லை என்பதையும் ரியாத் பார்த்தது. தம்மாம், கோபார், ஜுபைல் என்று அந்தக் கிழக்கு மாகாணத்தில் வேலை பார்க்கும் தமிழர்களை அவர்களின் குடும்பங்கள் அன்று ஊரிலிருந்து பதறிப்போய்த் தொலைபேசியில் அழைத்ததை இங்கே பலரும் நினைவில் வைத்திருப்பார்கள்.

2021 ஏப்ரலில் பாக்தாதில் ரகசியப் பேச்சு தொடங்கியது. 2023 மார்ச் 10 அன்று பெய்ஜிங்கில் ஈரானின் அலி ஷம்கானியும் சவூதியின் முசாஇத் அல்-ஐபானும் சீனாவின் வாங் யீ முன்னிலையில் தூதரக உறவைப் புதுப்பிக்கும் உடன்பாட்டில் கையெழுத்திட்டார்கள். 1998, 2001 உடன்பாடுகளுக்கு உயிர் கொடுப்பதாக அந்த அறிக்கை சொன்னது. எண்ணெய் உற்பத்தியைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

ஆனால் கையெழுத்திட்ட இடமே எண்ணெய்யைப் பற்றிச் சொன்னது. சவூதியின் மிகப் பெரிய வாடிக்கையாளர் சீனா. தடைகளுக்கு நடுவே ஈரானிடம் வாங்கும் ஏறக்குறைய ஒரே வாடிக்கையாளரும் சீனா. அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். 2023 ஜூலையில் விலையைக் காக்கச் சவூதி தன் விருப்பமாக மேலும் 10 லட்சம் பீப்பாய் குறைத்து 90 லட்சத்துக்கு இறங்கியது. ஒபெக் வரம்பிலிருந்து விலக்குப் பெற்ற ஈரான் அதே காலத்தில் 30 லட்சத்தைத் தாண்டி எடுத்தது. 1951 முதல் எப்போதும் சவூதி நிரப்பிய காலி இடத்தை இப்போது சவூதியே உண்டாக்க, அதில் ஒரு பங்கை ஈரான் நிரப்பியது. பழைய காலமென்றால் ரியாதில் கூச்சல் கேட்டிருக்கும். கேட்கவில்லை. எரியாத ஆலை குறைந்த விற்பனையைவிட மேல் என்று ரியாத் கணக்குப் போட்டிருக்கிறது என்றே இதைப் படிக்கிறேன். 2025 ஏப்ரலில் சவூதிப் பாதுகாப்பு அமைச்சர் காலித் பின் சல்மான் தெஹ்ரானில் ஈரானின் உச்சத் தலைவர் அலி காமனெயியைச் சந்தித்தார். ஜூனில் இஸ்ரேல் ஈரானைத் தாக்கியபோது சவூதி கண்டித்தது.

தீராமல் இருப்பது வடக்கே இருக்கிறது. 1960களில் கண்டுபிடிக்கப்பட்ட ஓர் எரிவாயு வயலைக் குவைத்தும் சவூதியும் துர்ரா என்கின்றன, ஈரான் ஆரஷ் என்கிறது. 2022 மார்ச்சில் நாளொன்றுக்கு 100 கோடி கன அடி எரிவாயு எடுக்க அந்த இரு நாடுகளும் ஒப்பந்தம் போட்டன. எங்களுக்கும் பங்குண்டு என்று ஈரான் சொன்னது. பெய்ஜிங் உடன்பாட்டின் மை காய்ந்து சில மாதங்களே ஆன 2023 ஜூலையிலும் அதே வாக்குவாதம்: வயல் முழுக்க எங்களுடையது என்று குவைத், எல்லை பேசாமல் யாரும் தோண்ட முடியாது என்று தெஹ்ரான். 1968இல் எண்ணெய்யைப் பார்த்துப் பார்த்து நெளித்து வரைந்த அந்தக் கோடு மர்ஜானைத் தாண்டி வடக்கே போகாமல் நின்றுவிட்டது. துர்ரா இருப்பது அதற்கும் அப்பால், ஈரானோடு இன்னும் யாரும் கோடு போடாத கடலில்.